கோலுவின் மேல் வந்த புகார்

1

அருப்புக்கோட்டையில் இருக்கும் என் மச்சான் போன வாரம் போனில், "அந்தமான்ல காலைல எந்திரிச்சு என்ன மாப்ள செய்வீங்க? கடலப் பாத்துக்கிட்டே காப்பி குடிப்பீங்களோ?" என்று கேட்டார். நாய்ப் பீ அள்ளுவேன் என்று சொன்னேன். சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

போர்ட் பிளேயரில் சீக்கிரம் விடிந்துவிடும். கடிகாரம் மெயின்லேண்டுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான், ஆனால் ஊரில் நீங்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் இங்கே வெயில் சுவரில் ஏறியிருக்கும். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம் உண்டு. நாலைந்து தென்னை, ஒரு பப்பாளி, மழை பெய்தால் வழுக்கும் செம்மண். எங்கள் நாய் கோலு தன் காலைக்கடனை அங்கேதான் முடிக்கும். பெரிய நாய். அதற்கேற்றபடிதான் மற்றதும்.

நான் ஒயரிங் காண்ட்ராக்டர். ஒயர்ச் சுருள்களைத் தோளில் தூக்கி மாடி மாடியாக ஏறியதில் முதுகு ஏற்கெனவே பாதி போயிருந்தது. மீதியும் ஒரு மழைக்காலக் காலையில் போனது. குட்டை மண்வெட்டியோடு குனிந்து அள்ளி, குனிந்தபடியே இடப்பக்கம் திரும்பிக் குழியில் போடப் பார்த்தேன். இடுப்பில் ஏதோ சொடக்கென்றது. அப்படியே சேற்றில் மண்டியிட்டுவிட்டேன். நிமிரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கோலு வந்து என் காதை நக்கிக்கொண்டிருந்தது. என் மனைவி மல்லிகா அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். நான் அசையவில்லை. அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து வீட்டு உரிமையாளர் கிஷன் சாச்சா இறங்கி வந்தார். தெருவில் போன ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார். என்னை ஒரு பீரோவைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

டாக்டர் சொன்னது சுருக்கம்: "குனியாதீர்கள். அதைவிட முக்கியம், குனிந்தபடி திரும்பாதீர்கள்."

படுத்திருந்த நாட்களில் யோசித்து, எழுந்ததும் ஒரு சாமான் செய்தேன். சுவரில் ஒயர் ஓட்டும் பிளாஸ்டிக் குழாய் இரண்டு, என் நெஞ்சு உயரத்துக்கு. ஒன்றின் அடியில் எண்ணெய் டின்னைச் சாய்வாக வெட்டி முறம் மாதிரிப் பொருத்தினேன். இன்னொன்றில் சின்ன வாருகோல். குவியலின் மேல் முதலில் ஒரு கை மரத்தூள் தூவிவிட வேண்டும். ஈரம் இழுத்துக்கொண்டால் மண்ணில் அப்பாது. ஒரு காலை முன்னே வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, வாருகோலால் டின்னுக்குள் தள்ள வேண்டும். திரும்புவதென்றால் இடுப்பைத் திருப்பக் கூடாது. பாதத்தை எடுத்து வைத்து உடம்பு மொத்தமும் திரும்ப வேண்டும். வாளியை நிறைத்துத் தூக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, நாயை ஒரே மூலைக்குப் பழக்குவது. அந்த மூலையில் கொஞ்சத்தை அள்ளாமல் விட்டால் மறுநாள் மோப்பம் பிடித்து அங்கேயே போகும். முற்றம் முழுக்க அலைய வேண்டியதில்லை.

நிமிர்ந்து நின்றபடி முதல் நாள் அள்ளி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மல்லிகா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

கோலு எங்கள் மகள் நித்யாவின் நாய். கல்லூரியில் படித்தபோது சிநேகிதிகளோடு வண்டூருக்குப் போனவள், கடற்கரையில் கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். உருண்டையாக இருந்ததால் ஹிந்தியில் கோலு என்று பெயர் வைத்தாள். ஊருக்கு இதைச் சொன்னபோது என் மச்சானின் மனைவி, "நாய்க்குப் போயி கொலுன்னா பேரு வப்பாக? நவராத்திரி வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார். கொலு இல்லை, கோலு என்று விளக்கினேன். அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

நித்யாவுக்குத் தமிழ் தெரியும். திட்டு வாங்கவும் பசிக்கிறது என்று சொல்லவும் தமிழ், மற்றதெல்லாம் ஹிந்தி. அதனால் நாயும் ஹிந்தி நாயாகிவிட்டது. "உக்காரு" என்றால் என்னைப் பார்த்து வாலாட்டும். "பைட்" என்றால் உட்காரும். என் சொந்த வீட்டில், என் சோற்றைத் தின்னும் நாயிடம், நான் வேற்று மொழியில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. போகும்போது, "அப்பா, ஒரு வருஷம்தான். செட்டில் ஆனதும் கூட்டிட்டுப் போயிருவேன். டென்ஷன் மத் லோ," கவலைப்படாதீர்கள் என்றாள். ஒரு வருஷம் எப்போதோ போய்விட்டது. வாரத்தில் சில நாள் வீடியோவில் வருவாள். என் முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்துவிட்டு, "கோலு கோ திகாவ்" என்பாள். போனைக் கீழே இறக்கி நாய்க்குக் காட்டுவேன். மீதிப் பேச்சு அவர்களுக்குள் நடக்கும்.

3

மழை விட்டிருந்த ஒரு முற்பகல். பைக்கில் ஒருவர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். நகராட்சி அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். கார் நிக்கோபார் தீவைச் சேர்ந்தவர், பேச்சில் மரியாதை இருந்தது. நாய் வைத்திருப்பதாகவும், அசுத்தமாக இருப்பதாகவும், லைசென்ஸ் இல்லை என்றும் புகார் வந்திருப்பதாகச் சொன்னார்.

நான் அவரை நேராக முற்றத்துக்கு அழைத்துப்போனேன். காலையில்தான் அள்ளி முடித்திருந்தேன். அவர் என் குழாய்ச் சாமானைக் கையில் வாங்கி, டின்னைத் தட்டிப் பார்த்து, "அச்சா பனாயா," என்றார். நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஆனாலும் லைசென்ஸ் வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்டார். அதில் உரிமையாளர் என்ற இடத்தில் நித்யாவின் பெயர் இருந்தது.

"உரிமையாளர் நேரில் வர வேண்டும்."

"அவள் மெயின்லேண்டில் இருக்கிறாள்."

"அப்படியானால் உரிமையாளர் இல்லாத நாய்."

"நாங்கள் இருக்கிறோமே."

"நீங்கள் நாய் இருக்கும் வீட்டுக்காரர்கள். உரிமையாளர் இல்லை," என்றார். கிண்டல் இல்லை, சட்டத்தைச் சொன்னார். சீக்கிரம் சரி செய்யாவிட்டால் நாயை எடுத்துப்போக வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

நான் பைக்கை மறித்து, புகார் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். அப்புறம், "ஆப்கா கர்வாலா ஹீ ஃபோன் கியா," என்றார்.

கர் என்றால் வீடு. வாலா என்றால் காரர். உங்கள் வீட்டுக்காரர்தான் போன் செய்தார்.

நான் மெதுவாக நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். கிஷன் சாச்சா பால்கனியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை அசைத்தார்.

4

கிஷன் சாச்சா இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இங்கே பிறந்தவர்கள். மனைவி இல்லை. மகன் டெல்லியில். எங்களுக்குள் அதுவரை ஒரு மனத்தாங்கல் கிடையாது. நான் அவரைச் சாச்சா, அதாவது சித்தப்பா, என்பேன்; அவர் என்னை அண்ணா என்பார், அவர் என்னைவிட மூத்தவராக இருந்தும். இங்கே தமிழன் எவனும் அண்ணாதான்.

அன்றிலிருந்து அவர் செய்வதெல்லாம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

முன்னெல்லாம் பப்பாளி பழுத்தால் இரண்டு கொடுப்பார், வாங்கிக்கொள்வேன். இப்போது கொடுத்தபோது, குற்றவுணர்ச்சியில் கொடுக்கிறார் என்று நினைத்தேன். வாடகை ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டார். இரண்டு பேர் டேப் வைத்து மாடிப்படியையும் எங்கள் முன்னறையின் வெளிச்சுவரையும் அளந்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஹோம்ஸ்டே போர்டு தொங்குகிறது; டூரிஸ்ட் கொடுக்கிற வாடகைக்கு முன்னால் நாங்கள் கொடுப்பது தூசு. எனக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. நாயைச் சாக்காக வைத்து எங்களைக் கிளப்பப் பார்க்கிறார்.

அடுத்த வாரம் அவர் முற்றத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா வைத்தார். அதற்கு ஒயரிங் செய்ய என்னைக் கூப்பிடவில்லை, வேறு ஆளைக் கூப்பிட்டார். அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

காலையில் மட்டும் அள்ளிக்கொண்டிருந்தவன் மாலையிலும் அள்ள ஆரம்பித்தேன். சைட்டில் வேலை நடக்கும்போது பாதியில் வந்து முற்றத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனேன். ஒவ்வொரு தடவையும் சுத்தமான தரையைப் போனில் படம் எடுத்து வைத்தேன், நாளை கேட்டால் காட்டுவதற்கு. நித்யாவின் படங்களுக்கு நடுவில் வெறும் செம்மண் படமாக நிறைந்தது. கேமராவுக்கு நேரே நின்று, குனியாமல், நிதானமாக, நன்றாகத் தெரியும்படி அள்ளினேன்.

மல்லிகாவிடம் ராத்திரிச் சாப்பாட்டில் இதையே பேசினேன். அவள் ஒருநாளும் கூடச் சேர்ந்து திட்டவில்லை.

"யாரு சொன்னா என்ன? விடுங்க."

"எப்படி விடுறது? சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கிறாரு மனுசன்."

"அவரு பாவம். அவர ஒண்ணும் கேட்டுறாதீங்க."

அவளுக்கு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

5

கேட்டுவிட்டேன். ஒருநாள் காலை சாச்சா தென்னைக்குத் தண்ணீர் ஊற்ற வாளியோடு இறங்கி வந்தார். படிக்கட்டின் கீழே நின்று மறித்தேன். எங்கள் பேச்சு ஹிந்தியில்தான், தமிழில் எழுதுகிறேன்.

"சாச்சா, நாய் பிடிக்கவில்லை என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாம்."

"யாருக்குப் பிடிக்கவில்லை?"

"வீடு வேண்டுமென்றாலும் கேட்டிருக்கலாம். ஆபீஸுக்கு போன் செய்திருக்க வேண்டாம்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "ஹோம்ஸ்டே போடச் சொல்லி என் மகன் நச்சரிக்கிறான். ஆள் வந்து அளந்தது உண்மை. இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தால் உன் முகத்துக்கு நேரே சொல்வேன். கேமரா தேங்காய்க்கு. யாரோ இறக்கிக்கொண்டு போகிறார்கள். நீ சொல்கிற போன் எனக்குத் தெரியாது."

"வந்தவரே சொன்னார். கர்வாலா போன் செய்தார் என்று."

"நான் மகான் மாலிக், வீட்டுச் சொந்தக்காரன். கர்வாலா எப்படி ஆவேன்?" என்று சிரித்தார். "மூன்று பாஷை தெரிந்த ஆள், இது தெரியாதா? இந்தத் தீவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஹிந்திதானே. அவர் சொல்ல வந்தது கர்வா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் கண் எங்கள் சமையலறை ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. சிரிப்பு போய்விட்டது.

"எனக்கு எதுவும் தெரியாது, அண்ணா," என்றார். வாளியை அங்கேயே விட்டுவிட்டு மாடிக்கு ஏறிப்போனார்.

கர்வாலி. மனைவி. இங்கே யாரும் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் பார்ப்பதில்லை. வங்காளி, தெலுங்கர், மலையாளி, நிக்கோபாரி, நாங்கள், எல்லோரும் ஒரே மாதிரி உடைத்துத்தான் பேசுகிறோம். இத்தனை வருஷமாகியும் நான் ஹிந்தியைத் தமிழில் மாற்றித்தான் கேட்கிறேன் போலிருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்காரர் என்று நான் சொன்னால் வாடகை வாங்குகிறவர். மல்லிகா சொன்னால் நான். ஆபீஸ்காரர் சொன்னது இரண்டும் இல்லை.

6

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீயா?"

"ஆமா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்குறீங்க." கத்தியை வைத்தாள். "அன்னைக்கு மண்டி போட்டுக் கெடந்தீங்க. இழுக்குறேன், இழுக்குறேன், அசையல. நித்யாவுக்கு அடிச்சா எடுக்கல. எங்க அண்ணனுக்கு அடிச்சு என்ன செய்ய? அவரு அங்கிட்டு இருந்து கையவா நீட்டுவாரு? மேல சாச்சா இல்லன்னா என்ன செஞ்சிருப்பேன்? இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா?"

"அதுக்குத்தான கம்பு செஞ்சேன். இப்பக் குனியறதே இல்லையே."

"குனியல. சரி. நீங்க கயித்தப் புடிச்சிருக்கையில அது பூனையப் பாத்து ஓடுனா? அப்பக் கம்பு புடிக்குமா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். வண்டூர்ல ஒரு வீட்டுல கேட்டுகூட வச்சிருக்கேன், மீன்காரக் குடும்பம், நல்லா வச்சுக்கிருவாக. சொன்னா நீங்க போனத் தூக்கிட்டு மக மொகத்தப் பாக்கப் போயிருவீங்க. நானா கொண்டுபோயி விட்டா அவ ஆயுசுக்கும் என்கிட்டப் பேச மாட்டா. ஆபீஸ்காரன் வந்து எடுத்துட்டுப் போனா யார் மேலயும் பழி இல்லன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. வண்டூருக்கு எப்போது போனாள், யாரோடு போனாள், இன்னும் எனக்குத் தெரியாமல் என்னென்ன என்று மனசு வரிசையாகத் தேட ஆரம்பித்தது. ஒரு மாதமாகச் சாச்சாவின் மேல் வைத்திருந்த கண் அப்படியே திரும்பி அவள் மேல் விழுந்தது. அதை அவளும் பார்த்தாள்.

"இன்னைக்கு நித்யா வருவால்ல. நானே சொல்லிர்றேன்," என்றாள்.

சாயங்காலம் நித்யா வீடியோவில் வந்தாள். மல்லிகா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சுற்றி வளைக்கவில்லை. அப்பா விழுந்ததை முழுசாகச் சொன்னாள். அதுவரை நாங்கள் மகளிடம் லேசான வலி என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். பிறகு வண்டூர் வீட்டைப் பற்றியும் சொல்லிவிட்டு, "ஆபீஸுக்குப் புகார் சொன்னது நான்தான்," என்றாள்.

நித்யா, "அப்பா சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"கோலுவக் காட்டும்மா."

காட்டினாள். மகள் நாயைக் கூப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தமிழில் மெதுவாகப் பேசினாள். "அந்த வண்டூர் வீடு நல்ல வீடாம்மா? நல்லா வச்சுப்பாங்கன்னா குடுத்துருங்க. நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியல. இங்க வீட்டுல நாய் அலவ்ட் இல்ல. சொல்லணும்னு நெனச்சேன், சொல்ல முடியல."

மல்லிகா கேட்டது கிடைத்துவிட்டது. சண்டை இல்லாமல், பழி இல்லாமல். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நிம்மதி வரும் என்று பார்த்தேன். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் வேணாம்," என்றாள். "இங்கயே கெடக்கட்டும்."

"ஏம்மா? நீதான..."

"இங்கயே கெடக்கட்டும்டி. நீ வந்து பாரு."

போனை வைத்த பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். நாயைக் கொடுக்கச் சம்மதித்த நிமிஷத்தில் மகள் தான் திரும்பி வருவதையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தாள் என்பது எங்கள் இருவருக்குமே புரிந்திருந்தது.

7

லைசென்ஸ் வாங்கியது தனிக் கதை. நித்யா நாயை ஒப்படைப்பதாக எழுதி அனுப்பினாள். என் பெயருக்கு மாற்றலாம் என்று போனால், தீவுவாசி என்பதற்கான ஐலேண்டர் கார்டில் என் பெயர் ஒரு விதம், ஆதாரில் இன்னொரு விதம். கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, இவர் யார், அவர் யார் என்று கேட்டார். மல்லிகாவின் கார்டுகளில் பெயர் ஒன்றாக இருந்தது. ஆகவே கோலுவின் உரிமையாளர் இன்று திருமதி மல்லிகா.

கையெழுத்துப் போடும்போது எங்கள் வீட்டுக்கு வந்த அந்த நிக்கோபார்க்காரர் அங்கே இருந்தார். அவளைப் பார்த்து, "மேடம், ஷிகாயத்?" என்றார். புகார் என்ன ஆயிற்று என்ற கேள்வி.

"வாபஸ்," என்றாள் மல்லிகா, தலை நிமிராமல்.

சாச்சாவிடம் நான் போய்ப் பேசினேன். அவர் ஒன்றும் நடக்காததுபோல் தேங்காய்த் திருட்டைப் பற்றிப் பேசினார். கேமராவில் அகப்பட்டது ஒரே ஆள்தானாம், தினமும் காலை ஒரே மாதிரி நின்று அள்ளிக்கொண்டிருந்த நான். ஹோம்ஸ்டே இன்னும் முடிவாகவில்லை. மாடியில் ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் இப்போதும் பேச்சை நிறுத்திக் காதுகொடுக்கிறேன்.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நாய் இருக்கிறதா என்று பார்ப்பேன். வேண்டுமென்று செய்வதில்லை, கண் தானாகப் போகும். மல்லிகா கவனித்திருக்கிறாள்.

போன வாரம் சைட்டில் வேலை சீக்கிரம் முடிந்து வெயில் இருக்கும்போதே வந்தேன். கதவு பூட்டியிருந்தது. முற்றத்தில் நாய் இல்லை. கயிறு தொங்கும் ஆணியில் கயிறும் இல்லை. அவள் போனுக்கு அடித்தேன். வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. வண்டூர் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தபடியே நான் தெருவில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். எங்கள் தெரு செங்குத்தான சரிவு. டாக்டர் சொன்ன எதுவும் நினைவில் இல்லாமல் வேகமாக இறங்கினேன்.

சரிவு முடியும் திருப்பத்தில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கோலு முன்னால், கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு மல்லிகா பின்னால், இன்னொரு கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"கொண்டுபோயி விட்டுட்டேன்னு நெனச்சீங்க."

"இல்ல," என்றேன்.

"நெனச்சீங்க." குரலில் கோபம் இல்லை. "உங்க எடத்துல நான் இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்பேன்."

கயிற்றை வாங்கக் கை நீட்டினேன்.

"வேணாம். மேடு. இழுக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் நாயோடு முன்னால் ஏறினாள். நான் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்தேன்.